ஓடும் ஆலையில் குழாய்ச் சுவரின் தடிமன் அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெட்ரோகெமிக்கல் ஆலைக்கு என்டிடி (பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும்) வேலைக்கு வரும் புதியவர் கையில் முதலில் கொடுக்கப்படுவது அல்ட்ராசானிக் தடிமன் மீட்டர். அதன் புரோப் சுவருக்குள் ஒலியை அனுப்பும். மறுபக்கச் சுவரில் பட்டு எதிரொலி திரும்ப ஆகும் நேரத்திலிருந்து மீட்டர் தடிமனைக் கணக்கிடும். ஜெல் தடவு, புரோபை வை, எண்ணை எழுது. அரை நாளில் பழகிவிடும். அதனாலேயே தப்பும் இதில்தான் அதிகம். ரேடியோகிராபி ஃபிலிம் மோசமாக வந்தால் பார்த்த உடனே தெரிந்துவிடும். தடிமன் ரீடிங் தப்பானாலும் சரியான ரீடிங் போலவே இரண்டு தசம இலக்கத்தோடு திரையில் நிற்கும்.

இங்கே சொல்வது ஒரே ஒரு வேலையைப் பற்றி. ஆலை ஓட்டத்தில் இருக்கும்போது, கார்பன் ஸ்டீல் புராசஸ் குழாய்களின் சுவரை வெளியிலிருந்து அளந்து, அந்தக் குழாய் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று கணக்குப் போடுவது. மணலியோ ஜாம்நகரோ சிங்கப்பூரின் ஜுராங் தீவோ, ஏபிஐ 570 (ஓட்டத்தில் உள்ள குழாய்களைச் சோதிப்பதற்கான அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் விதி) படி நடக்கும் இடத்தில் வேலையின் வரிசை இதுதான்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை மீட்டர் இல்லை, காகிதம். அந்த லைனின் ஐசோமெட்ரிக் வரைபடம், அதில் குறித்த அளவுப் புள்ளிகள், போன முறை எடுத்த ரீடிங், குழாயின் சைஸ், ஷெட்யூல் (சுவர்த் தடிமனைக் குறிக்கும் எண்), மெட்டீரியல், உள்ளே ஓடுவது என்ன, எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில். இவ்வளவும் தெரிந்த பிறகே மேலே ஏறுங்கள். 6 அங்குல ஷெட்யூல் 40 குழாயின் பெயரளவுத் தடிமன் 7.11 மி.மீ. என்று மனதில் இருப்பவருக்குத்தான் திரையில் 14.2 வந்தால் உறைக்கும்: மீட்டர் இரண்டாவது எதிரொலியைப் பிடித்திருக்கிறது. எண்ணை எதிர்பார்க்காமல் போகிறவர் 14.2 என்றே எழுதிவிட்டு வருவார்.

மீட்டர் அலைவடிவம் காட்டுவதாக இருக்கட்டும். எண்ணை மட்டும் காட்டும் சின்ன மீட்டர் புதுக் குழாய்க்குப் போதும். அரித்த குழாயில் அதை நம்ப முடியாது.

புரோப் மூன்று வேண்டும். பொது வேலைக்கு 5 மெகாஹெர்ட்ஸ், 10 மி.மீ. விட்டமுள்ள இரட்டைக் கிரிஸ்டல் புரோப். 2 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ள குழாய்க்கு 7.5 மெகாஹெர்ட்ஸில் 5 அல்லது 6 மி.மீ. புரோப். சூடான லைனுக்குத் தனியாக ஹை டெம்பரேச்சர் புரோப். இரட்டைக் கிரிஸ்டல் ஏன் என்றால், ஒரு பாதி அனுப்பி மறு பாதி வாங்குவதால், உள்ளே குண்டும் குழியுமாக இருக்கும் சுவரிலிருந்து வரும் பலவீனமான எதிரொலியையும் பிடிக்கும்.

இவற்றோடு ஸ்டெப் பிளாக் (தடிமன் தெரிந்த படிகள் கொண்ட உலோகக் கட்டை), ஜெல், கைச் சுரண்டி, வயர் பிரஷ், எமரி பேப்பர், பெயின்ட் மார்க்கர், டேப், டார்ச், குழாயின் மேற்பரப்பு வெப்பம் பார்க்க ஒரு தெர்மாமீட்டர். அதே சுற்றில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயும் இருந்தால் குளோரைடு குறைந்த ஜெல்லும் மார்க்கரும், தனி ஸ்டெயின்லெஸ் வயர் பிரஷ்ஷும் எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் ஸ்டீலைத் தேய்த்த பிரஷ்ஷால் ஸ்டெயின்லெஸைத் தேய்த்தால் இரும்புத் துகள் ஒட்டி அங்கே துரு பிடிக்கும். குளோரைடு விரிசலுக்கே வழி வைக்கும்.

அளப்பவருக்கு எஸ்என்டி-டிசி-1ஏ, ஐஎஸ்ஓ 9712, ஐஎஸ் 13805 ஆகிய என்டிடி தகுதித் தரங்களில் ஆலை கேட்கும் ஒன்றில் லெவல் 2 தகுதி வேண்டும்.

2. பெர்மிட், கேஸ் டெஸ்ட், தொடக்கூடாத துரு

மீட்டர் பேட்டரியில் ஓடும் மின்கருவி. வெடிப்பு அபாயப் பகுதிக்கென்று சான்று பெறாத மீட்டர் என்றால், கேஸ் டெஸ்ட் முடிந்து பெர்மிட் கைக்கு வரும்வரை பையிலேயே இருக்கட்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு ஓடும் யூனிட்டில் சட்டையில் மாட்டும் மானிட்டர் இல்லாமல் ஏறக்கூடாது.

ஓடும் லைனில் பவர் வயர் பிரஷ், கிரைண்டர் வேண்டாம். தீப்பொறி ஒரு காரணம், சுவரே மெலிந்திருக்கலாம் என்பது இன்னொன்று.

புதியவர் சறுக்கும் இடம் இது: குழாயில் தடித்த துருப் பாளம் தெரிகிறது, அதைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டு அளக்கலாம் என்று நினைப்பார். இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு பல மடங்கு பெருகும். ஆகவே பாளம் தடிமனாக இருப்பதை மட்டும் வைத்து உள்ளே எவ்வளவு சுவர் மிச்சம் என்று சொல்ல முடியாது. அந்தத் துருவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். தட்டாதீர்கள். போட்டோ எடுத்து, இறங்கி வந்து, ஆலை இன்ஸ்பெக்டரிடம் காட்டுங்கள். அழுத்தம் இருக்கும்போது அதைச் சுரண்டலாமா என்று முடிவு செய்ய வேண்டியது ஆலை.

3. எங்கே அளப்பது

ஒரு புள்ளியை அளக்கப் பத்து விநாடி போதும். எந்தப் புள்ளி என்பதில்தான் வேலையே இருக்கிறது.

நேர்க்குழாயின் நடுவில் நின்று அளப்பது சுலபம், பயன் குறைவு. திரவம் திரும்பும் இடம், சுழலும் இடம், தேங்கும் இடம், இரண்டு திரவம் கலக்கும் இடம் ஆகியவைதான் முதலில் மெலியும். எல்போவின் (குழாய் திரும்பும் வளைவுத் துண்டு) வெளிவளைவு, டீயில் (கிளை பிரியும் துண்டு) ஓட்டம் மோதும் சுவர், ரெடியூசர் (குழாயின் சைஸ் மாறும் துண்டு), கன்ட்ரோல் வால்வைத் தாண்டிக் குழாய் விட்டத்தைப்போல் சில மடங்கு தூரம், ஓட்டமே இல்லாத டெட் லெக். எல்போவில் உள்வளைவையும் விடக்கூடாது. வாயுவும் திரவமும் கலந்து ஓடும் லைனில் எந்தப் பக்கம் மெலியும் என்று வெளியிலிருந்து ஊகிக்க முடியாது.

ரசாயனம் அல்லது நீர் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் பாயின்ட்டுக்கு ஏபிஐ 570 தனி எல்லை வகுத்திருக்கிறது. செலுத்தும் இடத்துக்கு மேல்நோக்கி 300 மி.மீ. அல்லது குழாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது. கீழ்நோக்கி, ஓட்டம் இரண்டாம் முறை திரும்பும் இடம் வரை, அல்லது முதல் திருப்பத்தைத் தாண்டி 7.6 மீட்டர் வரை, இவற்றில் எது குறைவோ அது. பலரும் இன்ஜெக்‌ஷன் குழாய் சேரும் இடத்தை மட்டும் சுற்றி அளந்துவிட்டு வருவார்கள். செலுத்திய நீர் அடித்து மோதுவது பெரும்பாலும் அதை அடுத்த எல்போவில்.

ஒரு குழாய்ச் சுற்றில் நாலு எல்போ நன்றாக இருந்தால் ஐந்தாவதும் நன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். 2019 ஜூன் 21 அன்று ஃபிலடெல்ஃபியா சுத்திகரிப்பு ஆலையின் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு ஆல்கைலேஷன் யூனிட்டில் வெடித்தது ஒரே ஒரு எல்போ. அதன் எஃகில் நிக்கலும் தாமிரமும் அதிகம் இருந்ததால், பக்கத்துக் குழாய்களைவிட வேகமாக அரித்தது. பக்கத்துக் குழாய்களை அளந்துவந்தார்கள். இந்த எல்போவில் அளவுப் புள்ளியே இல்லை. உடைந்த இடத்தில் மிச்சமிருந்த சுவர் சுமார் 0.3 மி.மீ. எஃகின் கலவை அரிப்பைத் தீர்மானிக்கும் சர்வீஸில் (குழாயில் ஓடும் பொருளும் அதன் நிலையும்) ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகவே கருத வேண்டும்.

ஒரு வளையத்தில் வழக்கமாக நாலு புள்ளி: கடிகாரத்தின் 12, 3, 6, 9. பெரிய குழாயில் எட்டு. படுத்திருக்கும் குழாயில் தண்ணீர் அடியில் தங்கும் என்பதால் 6 மணி. ஆவி குளிர்ந்து சொட்டும் லைனில் 12 மணி. ஓட்டம் போகும் திசையில் பார்த்து நின்றுகொண்டு 12-ஐக் குறிக்கிறோமா, எதிர்த்து நின்றா என்பதை ஐசோவிலேயே எழுதி வையுங்கள். போன முறை ஒருவர் ஒரு பக்கமும், இந்த முறை இன்னொருவர் மறுபக்கமும் நின்றால் 3-ம் 9-ம் இடம் மாறிவிடும். அரிப்பே இல்லாத சுவரில் 1 மி.மீ. போய்விட்டதாக ரிப்போர்ட் வரும். செங்குத்துக் குழாயில் மேல் கீழ் கிடையாது என்பதால் அங்கே ஆலையின் வடக்கை வைத்துக் குறியுங்கள்.

4. காலிபரேஷன்

ஸ்டெப் பிளாக் அளக்கப்போகும் குழாயின் மெட்டீரியலாகவே இருக்க வேண்டும். கார்பன் ஸ்டீலில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 5920 மீட்டர். ஆஸ்டெனிடிக் ஸ்டெயின்லெஸில் அதைவிடக் குறைவு, 5700-ஐ ஒட்டி. கார்பன் ஸ்டீல் வேகத்தை வைத்துக்கொண்டு ஸ்டெயின்லெஸை அளந்தால் நாலு சதவீதம் வரை கூட்டிக் காட்டும்.

இரண்டு படிகளில் காலிபரேட் செய்யுங்கள். ஒன்று எதிர்பார்க்கும் மிகக் குறைந்த தடிமனைவிட மெலிந்த படி, மற்றது மிக அதிகத் தடிமனைவிடத் தடித்த படி. 7.11 மி.மீ. குழாய்க்கு 2.5-ம் 10-ம் சரி. ஒரே படியில் ஜீரோவைச் சரிசெய்து நிறுத்திவிட்டால், வேகம் தப்பாக இருந்தாலும் அந்த ஒரு படியில் மட்டும் எண் பொருந்திப்போகும். இரட்டைக் கிரிஸ்டல் புரோபில் ஒலி நேராகப் போகாமல் ‘வி’ வடிவத்தில் போய்வருவதால் ஒரு பிழை வரும். சுவர் மெலிய மெலிய அந்தப் பிழை கூடும். அதனால்தான் மெலிந்த படியும் கட்டாயம். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு படியை வைத்துப் பாருங்கள், 0.1 மி.மீ.க்குள் வந்தால் கிளம்பலாம்.

காலையில் ஒருமுறை, உணவு இடைவேளைக்குப் பின், புரோப் அல்லது கேபிள் அல்லது ஆள் மாறும்போது, மாலையில் கடைசியாக என்று திரும்பத் திரும்பச் சரிபாருங்கள். ஒருமுறை தவறினால், அதற்கு முந்தைய சரியான சோதனைக்குப் பிறகு எடுத்த எல்லா ரீடிங்கும் போச்சு, மறுபடி ஏற வேண்டியதுதான். அரை நாள் வேலை வீணாகாமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிளாக்கைத் தொட்டுவிடுவது லாபம்.

5. மேற்பரப்பும் பெயின்ட்டும்

தளர்ந்த துரு, உரிந்த பெயின்ட், மண் ஆகியவற்றை உள்ளங்கை அளவுக்குக் கையால் சுத்தம் செய்தால் போதும். பளபளவென்று வெள்ளியாக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் எமரி போட்டால் அளக்கும் இடத்திலேயே சுவர் குறையும்.

நன்றாக ஒட்டியிருக்கும் பெயின்ட்டை எடுக்கத் தேவையில்லை, ஆனால் அது கணக்கில் வரும். பெயின்ட்டில் ஒலி எஃகைவிடச் சுமார் இரண்டரை மடங்கு மெதுவாகப் போகிறது. 0.3 மி.மீ. பெயின்ட்டை மீட்டர் ஏறக்குறைய 0.75 மி.மீ. எஃகாகக் கூட்டிக்கொள்ளும். ஒரு பழைய லைனுக்கு மறுபெயின்ட் அடித்ததும் ‘தடிமன் ஏறும்’ மர்மம் இதுதான். எதிரொலிக்கும் எதிரொலிக்கும் இடையே அளக்கும் மோடில் போட்டால் பெயின்ட் கழிந்துவிடும். உள்சுவர் கடுமையாக அரித்திருந்தால் இரண்டாம் எதிரொலி கிடைக்காது. அங்கே பெயின்ட்டை எடுத்துவிட்டு ஒற்றை எதிரொலியில் அளங்கள். எந்த மோடு என்பதை ரீடிங் பக்கத்திலேயே எழுதுங்கள்.

6. ரீடிங் எடுப்பது

ஜெல்லைக் கடலை அளவு வையுங்கள். புரோபை அமுக்கி வைத்து, ஜெல் பிதுங்கி எண் நிலைக்கும்வரை பொறுங்கள். தடித்த ஜெல் படலத்தில் எடுத்த ரீடிங் கூடுதலாக இருக்கும்.

புரோபின் முகத்தில் இரண்டு பாதியையும் பிரிக்கும் கோடு தெரியும். அது குழாயின் நீளவாக்குக்குக் குறுக்காக இருக்கட்டும். 4 அங்குலத்துக்குக் கீழ் இது முக்கியம். நீளவாக்கில் வைத்தால் வளைவின் காரணமாகப் புரோப் ஆடி எண் கூடும். சந்தேகமானால் இரண்டு திசையிலும் வைத்துக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவுப் புள்ளி என்பது மார்க்கர் முனை அளவு புள்ளி இல்லை. 10 அங்குலம் வரையுள்ள குழாயில் அதிகபட்சம் 50 மி.மீ. விட்டமுள்ள வட்டம், அதற்கு மேல் 75 மி.மீ. அந்த வட்டத்துக்குள் புரோபை மெல்ல நகர்த்தி மிகக் குறைந்த எண்ணைப் பதியுங்கள். நடுவில் ஒரு முறை வைத்துவிட்டு நகர்ந்தால், 5 மி.மீ. அகலமுள்ள பிட் (அரிப்புக் குழி) பக்கத்தில் இருந்தும் கண்ணில் படாது.

மேலே ஒருவர் சொல்ல, கீழே ஹெல்ப்பர் எழுதும் இடத்தில், எழுதியதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கம்ப்ரசர் சத்தத்தில் ‘ஃபைவ்’, ‘நைன்’ இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். வருடத்துக்கு 0.2 மி.மீ. அரிக்கும் குழாயில் 5.5-க்கும் 5.9-க்கும் உள்ள தூரம் இரண்டு வருடம்.

2 அங்குலத்துக்குக் கீழுள்ள டிரெயின், வென்ட் குழாய்களில் மீட்டர் தடுமாறினால் புரொஃபைல் ரேடியோகிராபி (சுவரின் விளிம்பைக் கதிர்வீச்சால் படமெடுப்பது) நல்லது. அதற்கு இந்தியாவில் ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) விதிப்படி பகுதியை அடைத்து, தனி பெர்மிட்டில் செய்ய வேண்டும்.

7. சூடான லைன்

மேற்பரப்பு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சாதாரண புரோபையும் ஜெல்லையும் ஓரம் வையுங்கள். ஜெல் கொதித்துக் குமிழி வரும், புரோபின் உள்பசை இளகும்.

ஹை டெம்பரேச்சர் புரோபிலும் அதற்குரிய ஜெல்லைப் புரோபின் முகத்தில் தடவுங்கள், குழாயில் வேண்டாம். வைத்து, ரீடிங்கை நிறுத்திப் பிடித்து, பத்து விநாடிக்குள் எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடமாவது காற்றில் ஆறவிட்டு அடுத்த புள்ளி. அவசரப்பட்டால் புரோபின் தாமத முனை (கிரிஸ்டலுக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள பகுதி) சூடேறி ஜீரோ நகர்ந்துவிடும்.

எஃகு சூடேறினால் ஒலி மெதுவாகும். ஏறக்குறைய 55 டிகிரிக்கு ஒரு சதவீதம். 30 டிகிரியில் காலிபரேட் செய்து 250 டிகிரிக் குழாயை அளந்தால் நாலு சதவீதம் கூட்டிக் காட்டும். உண்மையில் 6.00 மி.மீ. இருப்பது திரையில் 6.24. திருத்தாமல் விட்டால் இரண்டு கெடுதல். இன்று குழாய் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும். அடுத்த ஷட்டவுனில் ஆறிய குழாயை அளக்கும்போது, நடக்காத 0.24 மி.மீ. அரிப்பு திடீரென முளைக்கும். அதனால் வெப்பநிலை எழுதாத ரீடிங்கை முழுமையான ரீடிங் என்று ஏற்கக் கூடாது.

8. சந்தேகப்பட வேண்டிய எண்கள்

ஒரு எல்போவில் புரோபை நகர்த்தும்போது 5.1, 4.2, 3.0, 1.6 என்று இறங்கி, அடுத்து 2.1 என்று ஏறுகிறது. சுவர் தடித்துவிட்டது என்று மூச்சு விடாதீர்கள். இரட்டைக் கிரிஸ்டல் புரோப் 1 மி.மீ. ஒட்டி மெலிந்த சுவரில் முதல் எதிரொலியைத் தவறவிட்டு இரட்டிப்பாகக் காட்டும். அந்த 2.1 உண்மையில் 1.05-ஆக இருக்கலாம். அலைவடிவத்தைப் பாருங்கள், சின்ன, அதிக மெகாஹெர்ட்ஸ் புரோபால் மறுபடி எடுங்கள். அதுவரை 1.05 என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

7.1 என்று ஓடிய எண், 10 மி.மீ. தள்ளியதும் 3.5-க்குத் தாவி, மறுபடி 7.1-க்குத் திரும்பினால் அரிப்பாக இருக்க வாய்ப்புக் குறைவு. அரிப்பு படிப்படியாக இறங்கும். சுவரின் நடுவே படுத்திருக்கும் லேமினேஷன்தான் (எஃகுக்குள் உள்ள தட்டையான பிளவு) இப்படித் தட்டையாகத் தாவும். ஈர ஹைட்ரஜன் சல்ஃபைடு சர்வீஸ் என்றால் அது ஹைட்ரஜன் பிளிஸ்டராகவும் (எஃகுக்குள் ஹைட்ரஜன் சேர்ந்து எழும் கொப்புளம்) இருக்கலாம், ஆகவே ‘அரிப்பு இல்லை’ என்று கடந்துவிட முடியாது. ஒலியைச் சாய்வாக அனுப்பும் ஆங்கிள் புரோப் தெரிந்த லெவல் 2 ஆளிடம் ஒப்படைக்கவும்.

போன முறையைவிட எண் கூடியிருந்தால் பெயின்ட், வெப்பம், காலிபரேஷன், புள்ளி மாற்றம் என்ற வரிசையில் தேடுங்கள். காரணம் கிடைக்காவிட்டால் கூடிய எண்ணை அப்படியே எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். பழைய எண்ணுக்குப் பொருந்தும்படி 0.1 குறைத்து எழுதும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. ஏறாத சாரத்தின் ரீடிங்கை மேசையிலேயே ‘தயாரிப்பதும்’ உண்டு. எல்லாப் புள்ளியிலும் அழகாக 0.1 மட்டும் குறைந்திருக்கும் ரிப்போர்ட்டைப் பார்த்தால் அனுபவமுள்ள இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

எதிர்பாராத அளவு குறைந்த எண் வந்தால்: பிளாக்கில் சரிபார்த்து, வேறு புரோபால் உறுதி செய்து, சுற்றிலும் 25 மி.மீ. கட்டம் போட்டு மெலிவு எதுவரை பரவியிருக்கிறது என்று பாருங்கள். அங்கிருந்தே இன்ஸ்பெக்டருக்குப் போன் போகட்டும். மாலை ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

9. எண்ணிலிருந்து ஆயுளுக்கு

6 அங்குல ஷெட்யூல் 40, ஏ106 கிரேட் பி (ஒரு கார்பன் ஸ்டீல் குழாய் வகை), 2 மெகாபாஸ்கல் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 168.3 மி.மீ., அனுமதிக்கும் தகைவு 138 மெகாபாஸ்கல். அழுத்தத்தைத் தாங்க மட்டும் தேவைப்படும் சுவர் 1.2 மி.மீ.தான். இதையே குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்வது பெரிய பிழை. குழாய் தன் எடையையும், உள்ளே இருப்பதையும், மேலே ஏறி நிற்கும் ஆளையும் தாங்க வேண்டும். குழாய்ச் சோதனைக்கான இன்னொரு ஏபிஐ ஆவணமான ஏபிஐ 574 தரும் கட்டமைப்புக் குறைந்தபட்சம் இந்த சைஸுக்கு 2.8 மி.மீ. இரண்டில் பெரியதையே எடுக்க வேண்டும்.

2019-ல் 6.9, 2024-ல் 5.9 என்றால் வருடத்துக்கு 0.2 மி.மீ. அரிப்பு. மிச்ச ஆயுள்: 5.9-லிருந்து 2.8-ஐக் கழித்து 0.2-ஆல் வகுத்தால் 15.5 வருடம். அடுத்த அளவு அதில் பாதிக்குள், அதாவது 7.75 வருடத்துக்குள். ஆனால் கசிந்தால் ஆபத்து மிகுந்த கிளாஸ் 1 லைனுக்கு உச்சவரம்பு 5 வருடம், ஆகவே 5. இன்ஜெக்‌ஷன் பாயின்ட் என்றால் 3.

முதல் ரீடிங் இல்லாத லைனுக்கு 7.11-ஐத் தொடக்கமாக வைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. புதுக் குழாயே 12.5 சதவீதம் வரை குறைவாக வர அனுமதி உண்டு, 6.22-ஆகவே பொருத்தியிருக்கலாம். அதோடு ஒவ்வொரு அளவிலும் 0.1 பிழை இருக்குமானால், ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு ரீடிங் சேர்ந்து 0.2 மி.மீ. பொய் அரிப்பைக் காட்ட முடியும். நீண்டகால வேகத்தையும் அண்மைக்கால வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே இன்ஸ்பெக்டர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அவருக்குக் காலிபரேஷன் விவரம், புரோப், மோடு, வெப்பநிலை, தேதி எல்லாம் ரீடிங்கோடு போய்ச்சேர வேண்டும்.

10. இன்சுலேஷன் ஜன்னலை மூடுவது

அளக்கத் திறந்த இன்சுலேஷனைத் திரும்ப மூடாமல் இறங்காதீர்கள். ஜெல்லைத் துடைத்து, சுரண்டிய இடத்துக்கு ஆலை சொல்லும் பிரைமரைத் தொட்டு, பஞ்சைத் திணித்து, மூடியை சீலன்ட் போட்டு இறுக்குங்கள். கார்பன் ஸ்டீலில் மைனஸ் 12-லிருந்து 175 டிகிரி வரை இன்சுலேஷனுக்கு அடியில் அரிப்பு நடக்கும். மூடி ஒழுங்காகப் பொருந்தாத ஜன்னல் வழியே மழைநீர் இறங்கினால், அடுத்த முறை அந்தக் குழாய் வெளியிலிருந்து மெலிந்திருக்கும், அதுவும் நாம் திறந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, அளவுப் புள்ளி இல்லாத இடத்தில்.